ஏரியில் நட்ட மரங்கள்

உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் ஹீட்டரை இவ்வளவு கூட்டி வைத்திருக்கிறீர்களே, எண்ணெய்ச் செலவெல்லாம் யார் தலையில் விடியும்? நவம்பரிலேயே இப்படி என்றால் பிப்ரவரியில் என்ன செய்வீர்கள்? என் வீட்டில் குளிருகிறது என்றால் ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்றுதான் சொல்வேன். சரி, அது உங்கள் பாடு. காபிக்கு நன்றி. கொஞ்சம் தண்ணீர்தான், ஆனால் சூடாக இருக்கிறது.

நீங்கள் எழுத ஆரம்பிக்கலாம். பெயர் ஜெர்மேன் மிஷோ. ஊர் செந்த் ஓடில், ஏரியின் மேற்குக் கரையில் கடைசி வீடு. உருளைக்கிழங்கு ஃபேக்டரியில் கிழங்கு பொறுக்கும் பெல்ட் முன்னால் ஆயுசு பூராவும் நின்றுவிட்டு, போன வருஷம்தான் ஓய்வு வாங்கினேன். நான் வந்தது சூசன்னா தேயர் என்ற பெண்ணைப் பற்றிப் பேச. உங்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. அவள் செத்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்ந்திருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் அலமாரியில் எங்காவது ஒரு ஃபைல் தூசி தின்றுகொண்டிருக்கும். அதில் விபத்து என்று எழுதியிருப்பார்கள். அதைத் திருத்த வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

என் மகள் லிசெட்டுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவள் டீச்சர் தெற்கே கனெக்டிகட்டில் ஒரு பெரிய இடத்துப் பள்ளிக்கூடத்தோடு பேசி, வகுப்பில் ஆளுக்கொரு பேனா நண்பரைப் பிடித்துக் கொடுத்தாள். மற்றப் பிள்ளைகள் ஒன்றிரண்டு கடிதத்தோடு சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். லிசெட் விடவில்லை. அவளுக்கு வாய்த்தவள்தான் சூசன்னா.

கனெக்டிகட் என்றாலே எனக்கு ஆகாது. என் புருஷன் ஃபெர்னான் அங்கேதான் போனான். எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் பாதிப் பேர் அங்கே ஃபேக்டரி வேலைக்குப் போனவர்கள்தான். மற்றவர்கள் பணம் அனுப்பினார்கள், கோடையில் வந்து போனார்கள். ஃபெர்னான் கிளம்பும்போது நான் கத்தினேன், கதவை மறித்துக்கொண்டு நின்றேன், கைக்குழந்தையை அவன் காலடியில் போட்டேன். அவன் குழந்தையைத் தாண்டிப் போனான். ஒரு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். போகிறவர்களை மறிக்கக் கூடாது. மறித்தால் கட்டாயம் போவார்கள்.

ஆனால் கடிதம் எழுதுவதில் என்ன கெட்டுப்போகிறது? நானும் ரசிக்கத்தான் செய்தேன். கடிதம் வந்த அன்றைக்கு லிசெட் சாப்பாட்டு மேசையில் அதைப் பிரித்து, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தடவும் என்பதால், நாங்கள் வீட்டில் பேசும் பிரெஞ்சில் சொல்லிச் சொல்லிப் படிப்பாள்.

"அம்மா, இதக் கேளேன். அவ வீட்ல குதிரைக்குத் தனியா ஒரு வீடே கட்டியிருக்காங்களாம்."

"வாடகை யாரு குடுக்குறா, குதிரையா?"

"போம்மா, நீ வேற."

இப்படித்தான் எங்கள் சாயங்காலங்கள் போயின. அறுவடைக்காக எங்கள் பள்ளிக்கூடங்களை இலையுதிர் காலத்தில் மூடிவிடுவார்கள் இல்லையா, அதை லிசெட் எழுதினாள். இதோ எல்லாப் பிள்ளைகளும் வயலில் குனிந்து கிழங்கு பொறுக்குகிறோம், பீப்பாய் பீப்பாயாக நிரப்புகிறோம் என்று. அதற்கு அந்தப் பெண், 'ஐயோ எவ்வளவு ஜாலி, எங்களுக்கும் இப்படி லீவு விட்டால் நன்றாயிருக்கும்' என்று பதில் போட்டிருந்தாள். விரலெல்லாம் வெடித்துப்போய் உட்கார்ந்திருந்த லிசெட் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். 'ஜாலிதான், வா, வந்து என் முதுகை நீ எடுத்துக்கொண்டு உன் முதுகைக் கொடுத்துவிட்டுப் போ' என்று எழுதிப் போட்டாள். அதோடு கடிதம் நின்றுவிடும் என்று நினைத்தேன். பணக்காரப் பிள்ளைக்கு ரோஷம் வராதா? வரவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பீப்பாய் எவ்வளவு கனம், எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், குளிருக்குக் கையில் என்ன போடுவாய் என்றெல்லாம் கேட்டிருந்தாள். அவர்கள் சிநேகிதம் உண்மையில் அங்கேதான் ஆரம்பித்தது.

சூசன்னா பாவப்பட்ட பிள்ளை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்பா பாதி நாள் விமானத்தில். அம்மாவுக்குப் பத்துச் சங்கம், இருபது கூட்டம். இவள் சமையல்கார அம்மாளோடு உட்கார்ந்து சாப்பிடுவாளாம். 'உன் அம்மா தினமும் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவாங்களா, நிஜமாவா?' என்று ஒருமுறை கேட்டிருந்தாள். அதைக் கேட்டு என் கண் கலங்கிவிட்டது. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.

நான்கு வருஷம் இப்படி ஓடியது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவள் கம்பளிக் கோட்டு ஒன்று அனுப்பினாள், தனக்குச் சின்னதாகிவிட்டது என்று. லிசெட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் நான் அவளுக்கு என் பழைய கோட்டைப் பிரித்துத் தைத்து முடித்திருந்தேன். அது ஆணியிலேயே தொங்கியது.

அப்புறம் ஒருநாள் கடிதம் வந்தது. லிசெட் அதை மேசையில் பிரித்தாள், படித்தாள், மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

"என்னடி எழுதியிருக்கா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா ஸ்கூல் விஷயம்."

அவள் எனக்குப் படித்துக் காட்டாத முதல் கடிதம் அது. அதற்கப்புறம் எதையும் படித்துக் காட்டவில்லை. ஒளித்தும் வைக்கவில்லை, அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்ற தைரியம். நான் ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு, அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க அந்தக் கடிதத்தைப் படித்தேன். சூசன்னாவின் பள்ளிக்கூடத்தில் லிசெட்டுக்கு இடம் கேட்டு, கிடைத்தும்விட்டதாம். சம்பளம் கட்ட வேண்டாமாம். தங்குவது அவர்கள் வீட்டிலேயே. 'என் அறையில் உனக்குக் கட்டில் போட்டாயிற்று. ஜன்னல் பக்கம் உனக்கு. உன் அம்மாவிடம் நானே வந்து கேட்கிறேன், எனக்குப் பயம் இல்லை' என்று முடித்திருந்தாள்.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கட்டிலைத்தான் நினைத்துக்கொண்டே இருந்தேன். என்னைக் கேட்காமல் என் பிள்ளைக்கு ஒருத்தி கட்டில் போட்டிருக்கிறாள்.

இப்போது மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் கடற்கரைப் பக்கத்துப் பெண் மாதிரித் தெரிகிறது, உங்களுக்கு இது பழக்கமிருக்காது. ஏரி உறைந்ததும் எங்கள் கரைக்காரர்கள் ஏரிக்குக் குறுக்கே ஐஸ் மேலேயே ஊருக்கு நடந்து போவோம். பாதை தெரிவதற்காகச் சின்னச் சின்ன ஊசியிலை ஃபிர் மரங்களை வெட்டி வந்து, ஐஸில் துளை போட்டு, வரிசையாக நட்டு வைப்போம். பனி கொட்டும்போது முன்னால் நீட்டிய கை தெரியாது, ஆனால் ஒரு மரத்தடியில் நின்றால் அடுத்த மரம் தெரியும். உன் கண்ணை நம்பாதே, மரத்தை நம்பு என்று நடை பழகும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவோம். எங்கள் கரையில் ஒரு ஓடை ஏரியில் வந்து விழுகிறது. அது விழும் இடத்தில், அந்த ஓடை வாயில், எந்தக் குளிரிலும் ஐஸ் அப்பளம் மாதிரி மெல்லிசுதான். மேலே பனி மூடிவிட்டால் மற்ற இடம் மாதிரியே இருக்கும். அதனால் மரவரிசை அங்கே நன்றாக வளைந்து சுற்றிப் போகும். மரம் நடுவது எங்கள் வீட்டு வேலை. என் அப்பா செய்தார், பிறகு நான். அந்த வருஷம்தான் முதல்முறையாக லிசெட்டிடம் கொடுத்தேன். அழகாக நட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பிப்ரவரி விடுமுறைக்கு சூசன்னா பஸ்ஸில் வந்து இறங்கினாள். நெட்டையாக, மூக்கெல்லாம் புள்ளி புள்ளியாக, சிரித்த முகம். நான் பிளோய் சுட்டுப் போட்டேன், வெண்ணெயும் வெல்லப்பாகும் தடவி.

"மிஸஸ் மிஷோ, இது என்னது, இவ்ளோ நல்லா இருக்கு?"

"பிளோய். பக்வீட் மாவு. ஏழைங்க ரொட்டிம்மா."

"அப்ப எனக்கு இன்னும் ரெண்டு ஏழை ரொட்டி போடுங்க."

லிசெட் அவள் விலாவில் ஒரு இடி இடித்தாள். "ஏய், வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ?"

"உங்க பொண்ணு கடுதாசியிலயும் இப்படித்தான் என்னத் திட்டுவா. தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் எல்லாம் எனக்குப் படித்துக் காட்டினவள்தானே.

தட்டை எடுத்து வைத்த பிறகு அவள் விஷயத்துக்கு வந்தாள். சுற்றி வளைக்கவில்லை. "லிசெட்ட எங்க வீட்டுக்கு அனுப்புங்க. ரெண்டு வருஷம்தான், அப்புறம் காலேஜ். அவ எங்க ஸ்கூல்ல எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுருவா. லீவுக்கு லீவு நானே கூட்டிட்டு வந்து விடுறேன். சத்தியமா." லிசெட் மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு நல்லதுன்னா நான் குறுக்க நிப்பேனா? ஆகட்டும்" என்றேன்.

லிசெட் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டுப் போய் சூசன்னாவைக் கட்டிக்கொண்டாள். அங்கேதான் அதிக நேரம் நின்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. லிசெட்டுக்கு ஊருக்குள் பேக்கரியில் காலை வேலை. விடிவதற்குள் ஏரியைக் கடந்து போய்விடுவாள். சூசன்னா பிறகு எழுந்து, தனியாக மரத்தைப் பார்த்துப் பார்த்து ஏரியைக் கடந்து பேக்கரிக்கு வருவதாக ஏற்பாடு. நான்கு வருஷமாகக் கடிதத்தில் படித்த பாதை, அதில் நடக்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. லிசெட் போனதும், அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, நான் கோடாலியும் துளைபோடும் கருவியும் எடுத்துக்கொண்டு ஐஸுக்குப் போனேன். ஓடை வாயைச் சுற்றியிருந்த மரங்களை அடியில் கொத்தி எடுத்தேன். வாயின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் மறுபடி நட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். வளைவை நேராக்கினேன். நீளமான பாதையைக் குட்டையாக்கினேன். அன்று பனி வரும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். நான் வீடு திரும்புவதற்குள் பூப்போல ஆரம்பித்து, என் காலடிகளை மூடிவிட்டது.

வேறு யாராவது வந்திருந்தால் என்று கேட்கிறீர்கள். எங்கள் பாதையில் வேறு யார் வருவார்கள்? கடைசி வீடு என்று சொன்னேனே.

சூசன்னா எழுந்ததும் சூடாகச் சாக்லேட் பால் கொடுத்தேன். அவள் கையுறை சரியில்லை, அலங்காரத்துக்குப் போடுவது. என்னுடைய ஆட்டுரோமக் கையுறையை எடுத்து மாட்டிவிட்டேன். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

"பனி ஜாஸ்தி கொட்டுதே, மிஸஸ் மிஷோ. போலாமா?"

"பயப்படாத. ஒரு மரத்துக்கிட்ட நின்னு அடுத்த மரத்தப் பாரு. மரத்த விட்டு மட்டும் நகராத."

"லிசெட்டும் இதையேதான் எழுதியிருந்தா" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

பாருங்கள், நான் அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எங்கள் கரையில் எந்தத் தாயும் சொல்வதைத்தான் சொன்னேன்.

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. குரல் கேட்டதா என்று கேட்கப்போகிறீர்கள். கேட்டது. பனி சத்தத்தை அமுக்கிவிடும், ஆனால் ஓடை வாய் என் சமையலறை ஜன்னலுக்கு ரொம்பத் தூரமில்லை. வீட்டுக்குள் நான் இருக்கிறேன், கயிறு வைத்திருக்கிறேன், ஏணி வைத்திருக்கிறேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. 'லிசெட், லிசெட்' என்றுதான் கூப்பிட்டாள். ஏரிக்கு அந்தப் பக்கம் மாவு பிசைந்துகொண்டிருப்பவளை. அப்போதும்கூட அவளுக்கு என் பிள்ளைதான் வேண்டியிருந்தது. அதிக நேரம் கூப்பிடவில்லை. குளிர் அப்படி.

பனி நின்றதும் மரங்களைப் பழைய இடத்துக்கு மாற்றியிருக்கலாம், நேரமும் இருந்தது. யோசித்துப் பார்த்தேன். மாற்றினால், வெளியூர்ப் பெண் மரத்தை விட்டு ஏன் விலகினாள் என்று கேள்வி வரும், ஆளுக்கு ஆள் தோண்டுவார்கள். அப்படியே விட்டால் கேள்வியே இல்லை. மரம் தப்பாக நட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வருஷம் மரம் நட்டது யார் என்று ஊருக்கே தெரியும்.

இல்லை, நிறுத்தாதீர்கள், எழுதுங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில்தான் சொல்கிறேன்.

ஏரியையும் காட்டையும் கண்காணிக்கிற வார்டன் வந்தார். வரிசையைப் பார்த்தார், ஓடை வாயைப் பார்த்தார், தலையை ஆட்டினார். லிசெட்டை ஒரு வார்த்தை திட்டவில்லை. தோளில் கை வைத்துவிட்டுப் போனார். அவள் ஐஸில் மண்டியிட்டு அந்த மரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, நான் இங்கயா நட்டேன்? சுத்தித்தானே நட்டேன்? காலைல நான் மரத்தையே பாக்கலம்மா. பழக்கத்துல என் பாட்டுக்கு நடந்து போயிட்டேன். பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. நான் எங்கம்மா நட்டேன்?"

"சின்னப் பிள்ள நீ. முதல் தடவ. யாருக்கும் தப்பு வரும்டி. அம்மா உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். மன்னித்தேன். ஒரு தடவை இல்லை, அத்தனை வருஷமும் மன்னித்துக்கொண்டே இருந்தேன். எல்லாத் தாய்க்கும் இது முடியாது.

சூசன்னாவின் அம்மா உடலைக் கொண்டுபோக வந்தாள். கறுப்புக் கோட்டு, ஒல்லியான பெண்பிள்ளை. கத்தி ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று எதிர்பார்த்தேன், செய்யவில்லை. லிசெட் நேரே அவள் முன்னால் போய் நின்று, "மரம் நட்டது நான்தான்" என்றாள். அந்தம்மாள் அவளைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிக்கொண்டாள். லிசெட் வந்து என்மேல் சாய்ந்தாள். குழந்தையாக இருந்தபோதுகூட அவள் அப்படி என்னோடு ஒட்டிக்கொண்டு நின்றதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன் என்று வந்துவிட்டு இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

அதற்கப்புறம் அவள் எங்கேயும் போகவில்லை. காலேஜ் பற்றிப் பேசவில்லை. ஃபேக்டரியில் எனக்குப் பக்கத்து இடத்தில் நின்றாள். பேக்கரிக்காரர் மகன் நோர்மான் பெண் கேட்டு வந்தான், நல்ல பையன், 'ஒரு உயிரப் போக்கின என் கையால ஒரு குடும்பம் வேண்டாம்' என்று அவளே சொல்லி அனுப்பிவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை. மரம் நடும் வேலை வேறு வீட்டுக்குப் போயிற்று. அவள் ஏரிப்பக்கம் திரும்பக்கூட மாட்டாள், சமையலறை ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டாள். தினமும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தூக்கத்தில் அலறுவாள், போய்த் தடவிக் கொடுப்பேன். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. நல்ல வருஷங்கள்.

ஆனால் அவள் அந்தம்மாளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியாது. வருஷா வருஷம் பிப்ரவரியில் ஒன்று, மன்னிப்புக் கேட்டு. பதில் வரவே இல்லையாம். இந்தக் கோடையில் வந்திருக்கிறது. மேசையில் வைத்து எனக்குப் படித்துக் காட்டினாள், அத்தனை காலத்துக்கப்புறம் முதல்முறையாக.

"'நீ அப்போது குழந்தை. உன்மேல் கோபம் இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், எனக்கு வாய் வரவில்லை. என் கணவரும் போய்விட்டார். சூசன்னாவின் அறை அப்படியே இருக்கிறது. உன் கடிதங்கள் எல்லாம் அவள் மேசையில் இருக்கின்றன. வந்து என்னோடு இரு.' அம்மா... அவங்க என்னக் கூப்பிடுறாங்கம்மா."

அழுதாள். ஆனால் அழும்போதே முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தை நான் ஏழை ரொட்டி சுட்ட அன்றைக்குப் பார்த்தது, அதோடு சரி. அறுவடை முடியட்டும், போகிறேன் என்றாள். "நீயும் வாயேன்" என்று ஒப்புக்குச் சொன்னாள். நான் மறிக்கவில்லை. ஆகட்டும் என்றேன், கம்பளிச் சாக்ஸ் பின்னிக் கொடுத்தேன். அவள் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போதுதான் இங்கே கிளம்பி வந்தேன். கடைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

லிசெட்டுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், அப்படி எழுதினால்தான் உங்கள் மேலதிகாரிக்குப் பிடிக்கும். ஆமாம், மரங்களை நகர்த்தியது நான். அந்தப் பெண்ணைக் கொன்றது நான். கீழே எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஏன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? முதலில் போனை எடுங்கள். நம்பர் சொல்கிறேன். இப்போது கூப்பிட்டால் வீட்டிலேயே பிடித்துவிடலாம். கார் நெடுஞ்சாலை ஏறிவிட்டால் அப்புறம் கஷ்டம். அம்மாவை இங்கே பிடித்து வைத்திருக்கிறோம், அவளுக்கு யாரும் இல்லை என்று சொல்லுங்கள், போதும். பெட்டியெல்லாம் இறக்கிவிடுவாள். பெற்ற தாயை ஜெயிலில் விட்டுவிட்டுப் போக என் பிள்ளைக்கு மனசு வராது.